கால் நொடிக்குள் யார் தடுப்பது? குழந்தைகளும் தானியங்கித் துப்பாக்கிகளும்

2014 ஆகஸ்ட் மாதக் கடைசி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், லாஸ் வேகஸிலிருந்து சுமார் ஒரு மணி நேரம் காரில் போனால் வரும் பாலைவனத்தில் ஒரு துப்பாக்கி சுடும் களம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி உசி துப்பாக்கியைப் பிடித்தபடி நிற்கிறாள், அவளுக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் பயிற்றுநர், பின்னால் குடும்பம் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறது. முதலில் ஒரே ஒரு குண்டு. சுடுகிறாள், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பயிற்றுநர் துப்பாக்கியைத் தானியங்கி நிலைக்கு, அதாவது விசையை அழுத்தியிருக்கும்வரை குண்டு தொடர்ந்து போகும் நிலைக்கு, மாற்றிக் கொடுக்கிறார், அவள் மறுபடி விசையை அழுத்துகிறாள், குழல் மேலேயும் இடப்பக்கமாகவும் எகிறித் திரும்புகிறது. பயிற்றுநரின் தலையில் குண்டு பாய்ந்து அவர் இறந்துபோனார். ராணுவத்தில் இருந்தவர், வயது 39.

இந்தச் செய்தி வந்த நாளில் உலகமே கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஒன்பது வயதுப் பிள்ளை கையில் உசியை யார் கொடுப்பார்கள்? கேட்டுவிட்டு எல்லோரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இதற்கு எதிர்ப்பக்கமிருந்து எப்போதும் வரும் பதிலும் ஒன்றுதான்: "பெரியவர் பக்கத்தில் இருந்து, முறையாகச் சொல்லிக்கொடுத்தால் பிரச்சினை இல்லை." எனக்கு அந்தப் பதிலைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அரிசோனாவில் பெரியவர் இருந்தார், தொழில்முறைப் பயிற்றுநர், கைக்கெட்டும் தூரம்கூட இல்லை, கை தொடும் தூரத்திலேயே இருந்தார். அங்கே மேற்பார்வை குறைவாக இருந்தது என்று சொல்ல முடியாது. மேற்பார்வை செய்தவர்தான் இறந்தார்.

துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் இதற்கான விடை கிடக்கிறது. குண்டு முன்னால் பாயும்போது அதே உந்தம் துப்பாக்கியைப் பின்னால் தள்ளும், பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். ஆனால் அந்தத் தள்ளல் குழலின் நேர்கோட்டில் வருகிறது, நம் கையோ குழலுக்குக் கீழே பிடியைப் பிடித்திருக்கிறது. அதனால் துப்பாக்கி நேராகப் பின்னால் வருவதில்லை, கையை அச்சாக வைத்து மூக்கைத் தூக்குகிறது. ஒரு குண்டுக்கு இது பெரிய விஷயமில்லை, மூக்கு எழும்பும், இறக்கிக்கொள்ளலாம். தானியங்கியில் இறக்குவதற்கு முன்பே அடுத்த குண்டு கிளம்பி, ஏற்கெனவே எழும்பிய மூக்கை இன்னும் தூக்கும். மூன்றாவது அதற்கும் மேல்.

உசி, இஸ்ரேல் ராணுவ அதிகாரி உசியேல் கல் வடிவமைத்தது. 1950களில் பயன்பாட்டுக்கு வந்த, ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா போடும் ஆயுதம். முழு அளவு உசி சுமார் மூன்றரை கிலோ, நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 குண்டு வேகம், அதாவது நொடிக்குப் பத்து. அதன் குட்டி வடிவமான மைக்ரோ உசி இரண்டு கிலோகூட வராது, ஆனால் வேகம் நிமிடத்துக்கு 1,200க்கும் மேல், நொடிக்கு இருபது. மனிதனுக்கு ஒன்று தெரியவந்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைய ஏறக்குறைய கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடியில் மைக்ரோ உசியிலிருந்து ஐந்து குண்டு போயிருக்கும். இது நன்றாகச் சுடத் தெரிந்த ஆளுக்கும் பொருந்தும் கணக்கு. வித்தியாசம் என்னவென்றால், அவர் எண்பது கிலோ உடம்பை முன்னால் சாய்த்து, துப்பாக்கியின் கட்டையைத் தோளில் அழுத்தி, மூக்கு எழும்பப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு நிற்பார். முப்பது கிலோ உடம்புள்ள பிள்ளை துப்பாக்கியின் எடையைத் தாங்கவே பின்னால் சாய்ந்து நிற்கும். பின்னால் சாய்ந்தவரை ஒரு தள்ளு தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. கையிலிருந்து ஒரு பொருள் நழுவினால் நாம் என்ன செய்வோம்? இறுக்கிப் பிடிப்போம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்கிறது. துப்பாக்கி கைமீறிப் போகிறது என்று உணரும் அந்தக் கணத்தில் பிள்ளையின் கை இறுகும், இறுகும் விரல்களில் ஒன்று விசையின் மேல் இருக்கிறது. "பயமா இருந்தா விட்டுடு" என்று எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் உடம்பு அதற்கு நேர் எதிரானதைத்தான் செய்யும்.

அதனால்தான் சொல்கிறேன், மேற்பார்வைக்கு ஒரு வேக வரம்பு உண்டு. பிள்ளை குழலைத் தவறான பக்கம் மெல்லத் திருப்பினால் பெரியவர் பிடித்துவிடலாம், தோட்டா உள்ளே இருக்கும்போது விளையாட்டாகத் தூக்கினால் அதட்டலாம், விரலை முன்கூட்டியே விசையில் வைத்தால் தட்டிவிடலாம். இவை மெதுவாக நடக்கும் தவறுகள். கால் நொடியில் ஐந்து குண்டு போகும் தவறைப் பக்கத்தில் நிற்பவரும் அதே கால் நொடி கழித்துத்தான் உணரப் போகிறார்.

அரிசோனா முதல் சம்பவமும் அல்ல. 2008 அக்டோபரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டில் ஒரு துப்பாக்கிச் சங்கத்தின் வளாகத்தில் இயந்திரத் துப்பாக்கிக் கண்காட்சி, அதாவது தானியங்கி ஆயுதங்களின் கண்காட்சி, நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து சுட்டுப் பார்க்கலாம் என்ற ஏற்பாடு. எட்டு வயதுச் சிறுவன் மைக்ரோ உசியால் பூசணிக்காயைக் குறிவைத்துச் சுட்டான். குழல் எழும்பி, பின்னோக்கித் திரும்பி, குண்டு அவன் தலையிலேயே பாய்ந்தது. அவனுடைய அப்பா, மருத்துவர், சில அடி தள்ளி நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டது பதினைந்து வயதுப் பையன். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்று யாருக்கும் தோன்றும், செருப்பு வாங்குகிற மாதிரி. துப்பாக்கியில் இது தலைகீழ். ஒரே தோட்டாவைப் போட்டால், கனமான துப்பாக்கி உதையை உள்வாங்கும், லேசான துப்பாக்கி அதைக் கைக்கே கொடுத்துவிடும். குழல் குட்டையாக இருப்பதால் மணிக்கட்டு கொஞ்சம் மடங்கினாலே வாய் நம் பக்கம் திரும்பிவிடும். அங்கே இருந்தவற்றில் பிள்ளைக்கு ஏற்றது போலத் தோன்றியதுதான் பிள்ளைக்கு ஆகவே ஆகாதது.

அந்த வழக்கில் கண்காட்சியை நடத்தியவர் மீது குற்றம் சாட்டப்பட்டது, 2011 ஜனவரியில் நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. அரிசோனாவில் யார்மீதும் குற்ற வழக்கு வரவில்லை. அந்தக் களத்தில் எட்டு வயதிலிருந்தே பெரியவர் துணையுடன் சுடலாம் என்பது அப்போது விதி, பிள்ளை ஒன்பது, ஆக எல்லாம் விதிப்படியே நடந்தது!

"சக்திவாய்ந்த துப்பாக்கி" என்று சொல்லும்போது நாம் இரண்டு மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். உடம்புக்குள் போய் எவ்வளவு சேதம் செய்யும் என்பது ஒன்று, சுடுபவர் கையில் எவ்வளவு அடங்கும் என்பது வேறு. ராணுவ ரைஃபிளின் சாயலில் செய்து பொதுமக்களுக்கு விற்கும் ஏஆர்-15 வகை ரைஃபிளின் குண்டு ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் குண்டைவிட மூன்று மடங்குக்கும் மேலான ஆற்றலோடு போகிறது, ஆனாலும் அதன் உதை லேசு, ஏனென்றால் குண்டு சின்னது, துப்பாக்கி கனம், கட்டை தோளுக்கு நேராக இருக்கிறது. பெரிய வேட்டைத் துப்பாக்கி பிள்ளையின் தோளில் காயம் பண்ணும், கீழேகூடத் தள்ளும், ஆனால் ஒரு குண்டோடு நின்றுவிடும். பெரிய கைத்துப்பாக்கி நெற்றிக்கு நேராக எகிறும். தானியங்கி எல்லாவற்றையும் விட மோசம், காரணம் அதன் குண்டின் ஆற்றல் அல்ல, நிறுத்த நேரம் கொடுக்காததுதான். மறுபக்கம், சின்னத் தோட்டா போடும் எளிய .22 ரைஃபிள் உதையே தெரியாத ஆயுதம், அதனால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. 2013இல் கென்டக்கியில் ஐந்து வயதுச் சிறுவன் சுட்டு அவனுடைய இரண்டு வயதுத் தங்கை இறந்தது, பிள்ளைகளுக்கென்றே அளவு குறைத்து "என் முதல் ரைஃபிள்" என்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட .22 ரைஃபிளால்தான். வீட்டில் மூலையில் நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஒரு தோட்டா இருந்தது பெரியவர்களுக்குத் தெரியவில்லை.

சரி, பிள்ளைகள் துப்பாக்கியைத் தொடவே கூடாதா? இங்கே நான் சுவிட்சர்லாந்தை நினைத்துக்கொள்கிறேன். சூரிக் நகரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் க்னாபன்ஷீசன் என்று ஒரு போட்டி நடக்கும், பெயரின் பொருள் பையன்களின் துப்பாக்கிச் சுடுதல், 1991 முதல் பெண் பிள்ளைகளும் சேர்ந்துகொள்கிறார்கள். 13 முதல் 17 வயது வரை. அவர்கள் கையில் கிடைப்பது பொம்மையல்ல, சுவிஸ் ராணுவத்தின் தாக்குதல் ரைஃபிள், 300 மீட்டர் தூரத்து இலக்கு. கேட்டால் அரிசோனாவைவிடப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளை தரையில் குப்புறப் படுத்திருக்கிறது, துப்பாக்கி தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஒரு முறை அழுத்தினால் ஒரே குண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அருகில் ஒரு பெரியவர். படுத்திருப்பவர் பின்னால் விழ முடியாது, தாங்கியில் இருக்கும் குழல் பக்கத்து ஆளை நோக்கி எகிறாது. ஆயுதத்தின் சக்தி அப்படியே இருக்கிறது, தவறு நடக்கும் வேகத்தைத்தான் குறைத்துவிட்டார்கள். குறைந்தபட்ச வயதும் எட்டு அல்ல, பதின்மூன்று.

அமெரிக்காவிலேயே சாரணர் இயக்கம் சின்னப் பிள்ளைகளுக்குக் காற்றழுத்தத்தில் இயங்கும் பிபி துப்பாக்கியோடு நிறுத்திக்கொள்கிறது, அதற்கு மேல் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் .22 ரைஃபிள். துப்பாக்கியோடு வளர்ந்த கிராமத்துக் குடும்பங்களில் பழைய வழக்கமும் ஏறக்குறைய இதுதான். முதல் வருடம் அப்பாவோடு சும்மா காட்டில் நடப்பது, அப்புறம் காலித் துப்பாக்கியைச் சுமப்பது, அப்புறம் ஒரே தோட்டா. இந்தக் குடும்பங்களை "பைத்தியக்காரர்கள்" என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் பதின்வயதுப் பையன்களைத் தொடர்ந்து கவனித்து, 1990களில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குடும்பத்தின் வழியாகச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்த பையன்கள், கள்ளத் துப்பாக்கி வைத்திருந்தவர்களைவிடக் குற்றங்களில் மிக மிகக் குறைவாக ஈடுபட்டார்கள், துப்பாக்கியே இல்லாத பையன்களைவிடவும் சற்றே குறைவு. துப்பாக்கி ஆதரவாளர்கள் இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவார்கள், காட்டட்டும், நியாயமான சான்றுதான். ஆனால் அது பதின்வயதுப் பையன்களைப் பற்றியது, வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்களில் வருடக்கணக்காகப் பழகியவர்களைப் பற்றியது. விடுமுறைக்கு வந்த இடத்தில் பத்து நிமிடம் இயந்திரத் துப்பாக்கி சுட்டுப் பார்க்கும் ஒன்பது வயதுக்கு அதிலிருந்து எந்த ஆதரவும் கிடைக்காது.

"சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளைக்குப் புரியும்" என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2001இல் வெளியான ஒரு ஆய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்கள் 64 பேரை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டார்கள். இழுப்பறைகளில் இரண்டு தண்ணீர்த் துப்பாக்கியும் ஒரு நிஜக் கைத்துப்பாக்கியும். நிஜத்தில் தோட்டா கிடையாது, விசையை அழுத்தினால் வெளியே தெரியும்படி கருவி பொருத்தியிருந்தார்கள். நான்கில் மூன்று பேர் நிஜத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார்கள், அவர்களில் பாதிக்கு மேல் கையில் எடுத்தார்கள், பதினாறு பேர் விசையையே அழுத்தினார்கள். எடுத்தவர்களிலும் அழுத்தியவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், ஏற்கெனவே துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னவர்கள். இன்னும் சின்னப் பிள்ளைகளிடம் நடந்த சோதனைகளில், "நில், தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல்" என்ற பாடத்தை மழலை மாறாமல் ஒப்பித்த பிள்ளைகள், துப்பாக்கியை நேரில் பார்த்ததும் அதன்படி நடக்கவில்லை. வாய்ப்பாடு சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கடையில் மீதிச் சில்லறை எண்ணத் தெரியாமல் போகிற மாதிரி. எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. 2023இல் வந்த ஒரு ஆய்வில், துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஒரு நிமிட வீடியோ பார்த்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே துப்பாக்கியைத் தொட்டார்கள். சொல்லிக்கொடுப்பது வீண் என்று ஆகாது. அதை மட்டும் நம்பி நிஜ ஆயுதத்தைக் கையில் கொடுக்க முடியாது, அவ்வளவுதான்.

விசை கெட்டியாக இருக்கும், பிள்ளையால் அழுத்த முடியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1995இல் வந்த ஓர் அளவீட்டின்படி மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளில் கால்வாசிப் பேருக்கும், ஏழு எட்டு வயதில் 90 சதவீதம் பேருக்கும் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் விசையை அழுத்தும் விரல் வலு உண்டு. சுடும் வலு சீக்கிரம் வந்துவிடுகிறது, சுட்டதைத் தாங்கும் வலு வர இன்னும் பல வருடம் ஆகிறது.

யாரும் அதிகம் பேசாத சின்ன விஷயங்களும் உண்டு. துப்பாக்கி வெடிக்கும் ஓசை 140 டெசிபலைத் தாண்டும், பிள்ளைகளின் காதுக்கு 120 டெசிபல் உச்சத்துக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டாவிலும் அதன் பற்றவைப்பு மருந்திலும் ஈயம் இருக்கிறது, மூடிய அரங்குகளில் அது தூசியாகக் காற்றில் நிற்கும், குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட அதிக ஈயத்தை உறிஞ்சும். காதுமூடியும் காற்றோட்டமும் இருந்தால் இதைச் சமாளிக்கலாம் என்பதால் மேலே போகிறேன்.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவின் மத்திய சட்டப்படி உரிமம் பெற்ற கடைக்காரர் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் ரைஃபிள் விற்கக் கூடாது, கைத்துப்பாக்கி என்றால் 21. ஆனால் விற்பது வேறு, கையில் கொடுப்பது வேறு. ரைஃபிள் போன்ற நீளத் துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மத்திய சட்டத்தில் குறைந்தபட்ச வயதே கிடையாது. கைத்துப்பாக்கிக்கு 18 என்று 1994இல் ஒரு வரம்பு வந்தது, அதிலும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன் குறி பார்த்துச் சுடவும் வேட்டைக்கும் விலக்கு உண்டு. மீதி எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பிரிட்டன் இறுக்கமான நாடு என்று பெயர், அங்கேயும் ஷாட்கன் எனும் சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கான சான்றிதழுக்குக் குறைந்தபட்ச வயது இல்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், பதினைந்து வயதுவரை 21 வயது நிரம்பிய ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இயந்திரத் துப்பாக்கி விஷயத்தில் அமெரிக்கச் சட்டம் ஒரு விசித்திரமான விளைவை உண்டாக்கியிருக்கிறது. 1986 மே மாதத்துக்குப் பிறகு புதிதாகச் செய்த இயந்திரத் துப்பாக்கியைப் பொதுமக்கள் வாங்க முடியாது. அதற்கு முன் பதிவானவை மட்டும்தான் கைமாறலாம், எண்ணிக்கை கூடப்போவதில்லை, அதனால் ஒவ்வொன்றும் பல ஆயிரம் டாலர். சொந்தமாக வாங்க முடியாததால் மக்கள் வாடகைக்குச் சுடப் போகிறார்கள். லாஸ் வேகஸைச் சுற்றி இது ஒரு சுற்றுலாத் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் முதல் தடவையாக இயந்திரத் துப்பாக்கியைத் தொடுகிறவர்கள். அதாவது, இருக்கும் ஆயுதங்களிலேயே பழக்கம் அதிகம் தேவைப்படும் ஆயுதம், பழக்கமே இல்லாதவர்களின் கையில் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகிறது. பெரியவர்களுக்கே இது சரியா என்று கேட்கலாம். குடும்பத்தோடு வருகிறவர்களிடம் "பிள்ளைக்கு மட்டும் கிடையாது" என்று சொல்ல வியாபாரத்துக்கு மனசு வருவதில்லை.

வியாபாரம் என்றதும் இன்னொன்று. 2022இல் ஏஆர்-15இன் தோற்றத்தை அப்படியே குறுக்கி, .22 தோட்டா போடும் ஜேஆர்-15 என்ற பிள்ளைகளுக்கான ரைஃபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள், ஏறக்குறைய ஒரு கிலோதான் எடை. அப்பா அம்மாவுடைய துப்பாக்கி மாதிரியே இருக்கும் என்பதுதான் விளம்பரம். பிள்ளைகளை நோக்கித் துப்பாக்கி விளம்பரம் செய்யக் கூடாது என்று கலிஃபோர்னியா அதே வருடம் சட்டம் போட்டது, பேச்சுரிமைக்கு முரணாகத் தெரிகிறது என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு எதிராகச் சொல்லிவிட்டது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டால், தானியங்கி எதுவும் 18 வயதுக்குள் கூடாது, மேற்பார்வை இருந்தாலும் கூடாது, இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. கைத்துப்பாக்கியும் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம், குட்டைக் குழல் எந்தப் பக்கமும் திரும்பும். ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் .22 ரைஃபிளை, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை படுத்த நிலையில், பொறுமையான ஒரு பெரியவரோடு பழகுவதை நான் எதிர்க்க மாட்டேன், எனக்குப் பிடிக்காது என்றாலும். "உசியைத் தாங்கியில் பூட்டிவைத்து, இரண்டே தோட்டா போட்டுக் கொடுக்கலாமே" என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆபத்து குறையும். ஆனால் அப்போது அந்தப் பிள்ளை சுடக் கற்றுக்கொள்ளவில்லை, ஒரு பொத்தானை அழுத்துகிறது.

கடைசியாக, பிள்ளை தானாகவே "வேண்டாம்" என்று சொல்லும் என்று எதிர்பார்ப்பது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. அப்பா கேமராவோடு நிற்கிறார், காசு கட்டியாகிவிட்டது, புது ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே "சபாஷ்" என்கிறார், அந்த நேரத்தில் ஒன்பது வயது வாயிலிருந்து மறுப்பு வருமா? பெரியவர்களுக்கே வராது. அரிசோனாவில் போலீஸ் அறிக்கையில் பதிவாகியிருப்பது இதுதான்: சுட்டு முடிந்ததும் துப்பாக்கி கீழே விழுந்திருக்கிறது, அவளுக்குத்தான் ஏதோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துக் குடும்பமே அவளிடம் ஓடியிருக்கிறது, பயிற்றுநர்மீது குண்டு பாய்ந்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அந்தத் துப்பாக்கி தன்னால் தாங்க முடியாததாக இருந்தது என்று.